சீன, ஜப்பானியப் பழங்கலைப் பொருட்கள்: முதல் ஐம்பதாயிரம் ரூபாயை எதில் போடுவது?

கிழக்காசியப் பழம்பொருள் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எது அழகு? எது விலை ஏறும்? இரண்டும் நியாயமானவைதான். ஆனால் முதல் பொருளை வாங்கும் முன் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டாக வேண்டும்: விற்பவர் சொல்வது உண்மையா என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் போகிறது. கையில் ஐம்பதாயிரம் ரூபாய், அதாவது ஐந்நூறு அறுநூறு அமெரிக்க டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஏலங்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தத் தொகையில் இருநூறு முந்நூறு ஆண்டு பழமையான, சந்தேகமில்லாத பொருட்களை வாங்க முடியும். அதே தொகையில் போன வருடம் செய்த போலியையும் வாங்க முடியும். எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் இதை முடிவு செய்கிறது.

சோதிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனப் பீங்கானின் அடியில் இருக்கும் முத்திரையே போதும். "ஆறு எழுத்து இருக்கிறது பாருங்கள், காங்ஷி காலத்துத் தட்டு" என்று வியாபாரி சொல்வார். காங்ஷி என்பது 1662 முதல் 1722 வரையிலான சீனப் பேரரசரின் ஆட்சிக்காலம், அந்த ஆறு எழுத்து அவர் பெயரைச் சொல்வது. ஆனால் 1677ல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னின் சூளைகளில் பேரரசர் பெயரை எழுதக் கூடாது என்று உள்ளூர் அதிகாரி தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போகிற பாத்திரத்தில் அந்தப் பெயர் இருப்பது அவமரியாதை என்பது காரணம். அதனால் அசல் காங்ஷி காலத் தட்டுகள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ ஓர் இலையோதான் இருக்கும். இன்னும் சிலவற்றில், அதற்கு இருநூறு ஆண்டு முந்தைய மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஜாடிகளிலோ காங்ஷி பெயர் தாராளமாகக் காணப்படுகிறது. பழைய காலத்துக்கு மரியாதையாகவும் எழுதினார்கள், ஏமாற்றவும் எழுதினார்கள். முத்திரையைப் படிக்கத் தெரிந்துவிட்டால் சீனப் பீங்கான் தெரிந்துவிட்டது என்று நினைப்பது ஆபத்து.

அரச சூளைப் பீங்கானை, அதாவது அரண்மனைக்கென்றே செய்த பொருட்களை, இந்த ஒப்பீட்டிலிருந்து இப்போதே எடுத்துவிடுகிறேன். 2014ல் ஹாங்காங்கில் செங்ஹுவா காலத்து, கோழி ஓவியம் தீட்டிய சிறு கோப்பை ஒன்று 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. அந்தக் கோப்பையை 18ஆம் நூற்றாண்டிலேயே சீன அரச சூளைகள் நகலெடுத்திருக்கின்றன. அந்த நகல்களுக்கும் பிறகு நகல்கள் வந்தன. புதிதாக வருகிறவர் நுழைய வேண்டிய இடம் இது இல்லை. குறைந்த விலையில் 'அரண்மனைப் பொருள்' யாராவது காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூழ்கிய கப்பல்களின் பீங்கான்

என் பரிந்துரையில் முதலிடம் இதற்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெல்டர்மால்சன் என்ற கப்பல் 1751 டிசம்பரில் சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையும் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 1752 ஜனவரி 3 அன்று தென்சீனக் கடலில் ஒரு பாறைத் திட்டில் மோதி மூழ்கியது. 1985ல் மைக்கேல் ஹேச்சர் என்ற மீட்பாளர் அதைக் கண்டுபிடித்தார். பீங்கான் பெட்டிகளுக்கு மேலே தேயிலை ஏற்றப்பட்டிருந்ததால், கெட்டிப்பட்ட தேயிலை ஒரு போர்வை போல மூடிக் காப்பாற்றியிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பொருட்கள் மேலே வந்தன. 1986ல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் நிறுவனம் 'நான்கிங் கார்கோ' என்ற பெயரில் அத்தனையையும் ஏலம் விட்டது.

சேகரிப்பாளருக்கு இதில் கிடைக்கிற நன்மை மிகப் பெரியது. பொருளின் காலம் ஊகமில்லை. கப்பல் மூழ்கிய தேதி தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு அந்தக் கோப்பை செய்யப்பட்டிருக்கவே முடியாது. கப்பலில் என்னென்ன ஏறின என்று கம்பெனிக் கணக்கிலும் பதிவு இருக்கிறது. ஏல விவரப் புத்தகத்தில் லாட்டுகள், அதாவது ஒன்றாக ஏலத்துக்கு விட்ட தொகுதிகள், எண்ணோடும் விவரத்தோடும் அச்சாகியிருக்கின்றன. பாலத்தின் மேல் நிற்கும் அறிஞர் ஓவியம், வெளிப்புறம் காப்பி நிறப் பூச்சும் உட்புறம் நீல ஓவியமும் கொண்ட தேநீர்க் கோப்பைகள், பியோனிப் பூத் தட்டுகள் என்று வகைகள் குறைவு, ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை அதிகம். உங்கள் கையில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க உலகமெங்கும் ஆயிரக்கணக்கான சகோதரத் தட்டுகள் இருக்கின்றன.

டெக் சிங் இன்னும் பெரியது. 1822 ஜனவரியில் சீனாவின் அமோய் துறைமுகத்திலிருந்து படேவியா (இன்றைய ஜகார்த்தா) போகக் கிளம்பிய பெரிய சீன மரக்கலம் அது. பிப்ரவரியில் இந்தோனேசியாவின் காஸ்பர் நீரிணையில் மூழ்கியது. அதில் இருந்த ஏறத்தாழ 1,800 பேரில் 190 பேர் போல, அந்த வழியே வந்த ஓர் ஆங்கிலக் கப்பலால் உயிர் பிழைத்தார்கள். மற்றவர்களில் ஏறத்தாழ எல்லாரும் போய்விட்டார்கள். 1999ல் மீட்கப்பட்ட சுமார் 3,50,000 பீங்கான்கள் 2000 நவம்பரில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் நாகல் ஏல நிறுவனம் வழியாக விற்கப்பட்டன. பெரும்பாலானவை ஃபூஜியன் மாகாணத்தின் டெஹுவா சூளைகளில், சாதாரண வீட்டுப் புழக்கத்துக்காகச் செய்தவை. அதனால்தான் இன்றும் ஒரு சிறு கிண்ணம் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கிறது. நான்கிங் கார்கோவின் கோப்பையும் சாசரும் சேர்ந்து இருநூறு முந்நூறு டாலர் ஆகும். விளிம்புச் சேதம், விரிசல் இருந்தால் குறையும்.

சென்னைக்காரர்களுக்கு என்று ஒரு கப்பல் இருக்கிறது, டயானா. 1817 மார்ச்சில் கான்டனிலிருந்து மதராஸுக்கு வந்துகொண்டிருந்தபோது மலாக்கா அருகே பாறையில் மோதி மூழ்கிய வணிகக் கப்பல் அது. 1990களில் மலேசிய அரசின் ஒப்பந்தத்தோடு மீட்டார்கள், 1995ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். நட்சத்திர வெடிப்பு போன்ற நீலக் கோலம் போட்ட தட்டுகள் அதில் நிறைய. அந்தத் தட்டுகள் எல்லாம் வழியில் சிக்காமல் வந்திருந்தால் மதராஸ் கடற்கரையில் இறங்கியிருக்கும். தமிழ்க் கரைக்குச் சீனப் பீங்கான் வருவது அப்போது புதிதும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்று ஒரு தமிழ் வாசகர் சொன்னால் டயானா தட்டைத்தான் காட்டுவேன். டெக் சிங் அளவுக்குச் சுலபமாக இது சந்தையில் கண்ணில் படாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

இனி குறைகள். முதலாவது, அழகு. இருநூறு ஆண்டு உப்புத் தண்ணீரில் கிடந்ததில் பல பொருட்களின் மெருகு மங்கி, தொட்டால் முட்டை ஓடு போல இருக்கும். ஓவியமும் அவசரமாகத் தீட்டிய ஏற்றுமதி ஓவியம். இதை நான் குறையாக நினைப்பதில்லை என்றாலும், அலமாரியில் பளபளப்பு வேண்டுமென்றால் ஏமாற்றமாக இருக்கும்.

இரண்டாவது, ஒட்டு. ஏல நிறுவனத்தின் சிறிய காகித ஒட்டு பொருளின் அடியில் இருந்தால் விலை கூடும். காகிதத்தை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஒட்டலாம் என்பதை மறக்கக் கூடாது. ஒட்டில் உள்ள லாட் எண்ணை ஏல விவரப் புத்தகத்தோடு பொருத்திப் பாருங்கள். அந்த எண்ணில் கிண்ணம் என்று இருந்து, கையில் இருப்பது தட்டு என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சிப்பியும் பவழமும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாடிகளை 'கடலடிப் பொருள்' என்று தென்கிழக்காசியச் சந்தைகளில் விற்கிறார்கள். புது ஜாடியில் பசை வைத்துச் சிப்பி ஒட்டுவது அங்கே நன்றாகவே நடக்கிறது. சிப்பி அதிகமாக இருந்தால் சந்தேகமும் அதிகமாக வேண்டும்.

மூன்றாவது குறை எனக்கு உண்மையிலேயே கனமானது. இந்தக் கப்பல்களில் பல, தொல்லியலாளர்கள் இல்லாமல் விற்பனைக்காகவே தோண்டப்பட்டவை. எந்தப் பெட்டி எங்கே இருந்தது, யாருடைய உடைமை எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் எல்லாம் பதிவாகாமல் அழிந்துபோனது. நான்கிங் கார்கோ ஏலத்துக்குச் சீனா இரண்டு நிபுணர்களை 30,000 டாலரோடு அனுப்பியது. விலை எகிறியதில் ஒரு தட்டுகூட வாங்க முடியாமல் அவர்கள் திரும்பினார்கள். அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த ஆண்டு சீனா தன் நீரடித் தொல்லியல் பணியைத் தொடங்கியது. நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க யுனெஸ்கோ 2001ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே மூழ்கிய 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அற்புதமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மீட்ட விதத்தைப் பற்றிய எதிர்ப்பால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதைத் தன் இடத்தில் காட்சிக்கு வைக்காமல் விட்டது.

நான் எடுத்திருக்கும் நிலை இது. பொது ஏலத்தில் பட்டியலிட்டு விற்று, இருபது நாற்பது ஆண்டாகக் கைமாறிக்கொண்டிருக்கும் பொருட்களை வாங்கலாம். "இப்போதுதான் கடலிலிருந்து எடுத்தது" என்று வரும் எதையும் தொடக் கூடாது. அதை வாங்கினால் அடுத்த கப்பலை உடைக்க நாமே கூலி கொடுத்ததாக ஆகும். இந்த வரம்புகூடப் போதாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். அப்படி நினைப்பவர்கள் அடுத்த வகைக்குப் போகலாம்.

மெய்ஜி கால ஜப்பான்

1868 முதல் 1912 வரையிலான மெய்ஜி காலத்தில் ஜப்பான் தன் கைவினையை உலகச் சந்தைக்கென்றே திட்டமிட்டுத் தயாரித்தது. 1873 வியன்னா கண்காட்சி போன்ற இடங்களுக்கு அனுப்பி, ஐரோப்பிய வீடுகளுக்குத் தகுந்தபடி செய்தார்கள். 1876ல் வாள் தரிக்கத் தடை வந்தபோது வாள் உறைக்கும் பிடிக்கும் அலங்காரம் செய்துவந்த உலோகக் கைவினைஞர்கள் ஜாடிக்கும் பெட்டிக்கும் மாறினார்கள். இந்தப் பொருட்கள் கல்லறையிலிருந்தோ கடலடியிலிருந்தோ வந்தவை அல்ல. விற்பதற்கென்று செய்து, விற்று, பெட்டியில் கட்டிக் கப்பலேற்றியவை. மனசாட்சிக்கு இதைவிடச் சுத்தமான வகை கிழக்காசியக் கலையில் குறைவு.

இங்கே மூன்று கிளைகள். சத்சுமா என்பது மண்பாண்ட வகை. தந்த நிற மெருகில் மயிரிழை வெடிப்புகள், அதன்மேல் எனாமலும் (சுட்டால் கண்ணாடி போல உருகி ஒட்டும் வண்ணம்) தங்கமும். ஒசாகாவின் யாபு மெய்சான் பட்டறையில் ஒரு விரல் உயரத்துக்குள் நூறு மனிதர்களைத் தீட்டியிருப்பார்கள், பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது. அது நம் தொகைக்கு எட்டாது. எட்டுகிற சத்சுமாவில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் அவசரமாகச் செய்த, முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற சரக்கு. சத்சுமா பகுதியை ஆண்ட ஷிமாசு குலத்தின், வட்டத்துக்குள் சிலுவை போன்ற சின்னம் அடியில் இருப்பதைக் காட்டி உயர்த்திப் பேசுவார்கள். அந்தச் சின்னத்தை யார் வேண்டுமானாலும் போட்டார்கள். சத்சுமாவில் முத்திரையைப் பார்க்காமல் தூரிகையைப் பாருங்கள்: கண் இமை, விரல் நகம், துணியின் கோலம் தனித்தனியாகத் தீட்டியிருக்கிறதா என்று.

இமாரி எனக்கு இன்னும் பிடித்தது. அரிதா ஊரில் செய்து இமாரி துறைமுகம் வழியாகப் போன பீங்கான். அடர்நீலம், செங்கல் சிவப்பு, தங்கம். சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து ஜிங்டெசென் தடுமாறியபோது, 1659ல் டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்ததிலிருந்து இது உலகப் பொருளானது. 17, 18ஆம் நூற்றாண்டு இமாரி விலை அதிகம். மெய்ஜி காலத் தட்டுகள் டெக் சிங் கிண்ண விலைக்கே வரும். அரிதா தட்டுகளில் பலவற்றின் அடியில் சிறு புள்ளிகளாகத் தழும்பு இருக்கும். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்யாமல் இருக்க முட்டுக் கொடுத்த இடம் அது. சீனத் தட்டில் பொதுவாக இதைக் காண மாட்டீர்கள். விரலால் தடவியே இரண்டையும் பிரிக்கலாம்.

செம்பின் மேல் மெல்லிய கம்பி வளைத்து, கட்டத்துக்குள் எனாமல் நிரப்பிச் சுடும் குளோய்சொனே மூன்றாவது. கியோட்டோவின் நாமிகாவா யாசுயுகி இதை எட்ட முடியாத உயரத்துக்குக் கொண்டுபோனார். அவர் வீடும் பட்டறையும் இன்று அருங்காட்சியகம். நம் தொகைக்கு நகோயா பட்டறைகளின் சிறு ஜாடிகள் கிடைக்கும். ஒரே பிரச்சினை சேதம். எனாமல் ஒருமுறை விண்டால் சரிசெய்வது கடினம், மெழுகும் பெயின்டும் பூசி மறைத்துவிடுவார்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால் புதுப் பூச்சு தனியாகத் தெரியும். பீங்கானுக்கும் அதே டார்ச் உதவும்.

மெய்ஜி பொருட்களில் சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890ல் சட்டம் போட்டது, 1891ல் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் ஆங்கிலத்தில் 'நிப்பான்' (ஜப்பானுக்கு ஜப்பானிய மொழிப் பெயர்) என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. 1921ல் 'ஜப்பான்' என்று போடச் சொல்லிவிட்டார்கள். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952 வரை. சீனப் பொருளில் 'சைனா' என்று ஆங்கிலத்தில் இருந்தால், விற்பவர் மிங் என்று சொன்னாலும் சரி, அதற்கு அடுத்த அரச மரபான சிங் என்று சொன்னாலும் சரி, அது 1891க்கு முன் போட்ட முத்திரையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாட்டுப் பெயரே இல்லாததால் பழையது என்று திருப்பிப் போட்டுவிடக் கூடாது. ஐரோப்பாவுக்குப் போன சரக்குக்கு இந்தச் சட்டம் கிடையாது, முத்திரையைச் சுரண்டியும் எடுக்கலாம்.

அப்படியானால் ஜப்பானை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? மெய்ஜி பொருளில் காலத்தைச் சோதிப்பது சுலபம், தரத்தைச் சோதிப்பது கஷ்டம். முதல்தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே விலை நூறு மடங்கு வேறுபடும். கண் பழகாதவருக்கு இரண்டும் தங்கம் பூசிய ஜாடிதான். கண் பழக நல்ல பொருட்களை நிறையப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சீன, ஜப்பானியக் கூடங்கள் நல்ல பள்ளிக்கூடம். ஒரு நாள் முழுக்க அங்கேயே இருங்கள்.

நியோன்யா பீங்கான்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் தமிழர்கள் இதைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த ஊர்களில் தலைமுறைகளாக வேரூன்றிய பெரனாக்கான் சீனக் குடும்பங்கள் ஜிங்டெசென்னில் சொல்லிச் செய்துகொண்ட இளஞ்சிவப்பு, பச்சைப் பீங்கான்கள். ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் இல்லாத பாத்திரம் அரிது. மூடி போட்ட காம்செங் ஜாடிதான் எல்லாருக்கும் கனவு.

கனவாகவே இருக்கட்டும் என்பேன், இப்போதைக்கு. நல்ல காம்செங் நம் தொகைக்குள் வராது. வருகிறவற்றில் போலி மிக அதிகம், ஏனென்றால் செய்த ஊரே இன்னும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூர் பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் கண் நிறையப் பார்த்துவிட்டு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஆனால் அதே வீடுகளில் அன்றாடப் புழக்கத்துக்கும் துக்க நாட்களுக்கும் வைத்திருந்த எளிய நீல-வெள்ளைக் கிண்ணங்கள் உண்டு. அவை இன்னும் மலிவு. பழைய வீட்டைக் காலி செய்யும்போது குவியலாக வரும். அடி வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும், உட்புறம் அடுக்கிச் சுட்ட வட்டத் தழும்பு இருக்கும், சோறு எடுத்த கரண்டியின் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். போலி செய்யும் அளவுக்கு விலை இல்லாத பொருள் என்பதே அவற்றுக்குப் பெரிய பாதுகாப்பு. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் கப்பல் பீங்கானுக்கு முன்பே இதிலிருந்து தொடங்கலாம்.

தேநீர்க் கெண்டி, ஜேட், கல்லறை மண்பாண்டம்

சீனாவின் யீஷிங் ஊர் ஊதா மண் கெண்டிகள் மேல் பலருக்கும் மயக்கம். எனக்கும் உண்டு. ஆனால் பழம்பொருளாக வாங்க இதைவிடக் கடினமான வகை இல்லை. மெருகு கிடையாது, ஓவியம் கிடையாது. மண்ணும் வடிவமும் கைமுத்திரையும்தான். 1930களிலேயே ஷாங்காய் வியாபாரிகள் சிறந்த யீஷிங் கலைஞர்களை வேலைக்கு வைத்துப் பழைய மேதைகளின் கெண்டிகளை நகலெடுக்கச் சொன்னார்கள். பின்னாளில் அந்தக் கலையின் சிகரமாகக் கருதப்பட்ட கு ஜிங்ஜோவும் இளமையில் அந்த வேலை செய்தவர். அவ்வளவு பெரிய கை செய்த நகலை, ஆர்வம் மட்டும் உள்ள ஒருவர் எப்படிப் பிரிப்பது? யீஷிங் வேண்டுமென்றால் இன்று வாழும் கலைஞர் செய்த புதுக் கெண்டியை வாங்கித் தினமும் தேநீர் குடியுங்கள். அது நல்ல செலவு.

ஜேட் வேண்டாம். கல் எத்தனை கோடி ஆண்டு பழையது என்பதற்கும் செதுக்கியது எப்போது என்பதற்கும் தொடர்பில்லை. செதுக்கிய காலத்தைச் சொல்ல நம்பகமான ஆய்வகச் சோதனை கிடையாது.

பழஞ்சீன அரச மரபுகளான ஹான், தாங் காலத்துக் கல்லறைக் குதிரைகள், ஒட்டகங்கள், நடனப் பெண்கள் இவற்றுக்குச் சோதனை உண்டு. மண் கடைசியாகச் சுடப்பட்டதிலிருந்து சேர்ந்த கதிர்வீச்சை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை அது. பொருளில் துளையிட்டுத் தூள் எடுப்பார்கள். ஆனால் பழைய துண்டுகளை அடியில் வைத்துப் புது உருவம் செய்து, துளையிடும் இடத்தில் மட்டும் பழைய மண் வருமாறு பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சோதனையில் தேறினால்கூட, அது ஒரு கல்லறையை உடைத்து வந்தது என்ற உண்மை மாறாது. தாங் காலம் முடியும் வரையிலான சீனத் தொல்பொருட்களின் இறக்குமதியை அமெரிக்கா 2009ல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்படுத்தியதற்கு இந்தக் கொள்ளைதான் காரணம். இதை வாங்காதீர்கள் என்று நேராகவே சொல்கிறேன்.

நெட்சுகே, மூக்குப்பொடிக் குப்பி

கையடக்கப் பொருட்கள் மேல் ஆசை உள்ளவர்கள், சின்ன வீட்டில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் பார்ப்பார்கள். நெட்சுகே என்பது பையில்லாத கிமோனோவின் இடைக்கச்சையில் சிறு பெட்டியைத் தொங்கவிட உதவிய செதுக்கு வேலைப்பாடு. கயிறு நுழைய இரண்டு துளைகள் இருக்கும். அந்தத் துளையின் விளிம்பு கயிறு உரசி வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்பது நல்ல சோதனை. உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கும் சுகம் வேறு எதிலும் கிடையாது.

ஆனால் பல நெட்சுகே தந்தம். இந்தியாவில் தந்த வணிகத்துக்கு 1986, 1991 திருத்தங்களோடு வனவிலங்குச் சட்டம் தடை போட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு விற்பனைக்கும் தடை. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் சட்டம் இறுகிவிட்டது. பழையது என்பதால் விதிவிலக்கு கிடைக்கும் என்று வியாபாரி சொல்வதை நம்பி வாங்கினால் சுங்கத்தில் பறிமுதல், வழக்கு. தந்தத்தை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தில் செதுக்கிய நெட்சுகே மட்டும் என்று முடிவு செய்தால், இது கப்பல் பீங்கானுக்கும் ஜப்பானுக்கும் அடுத்த மூன்றாவது தேர்வு. தொகைக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும்.

பொடிக்குப்பிகளில் கண்ணாடிக் குப்பிகள் அழகு, விலையும் தாங்கும். உட்புறம் ஓவியம் தீட்டியவற்றில் 1880களின் ஜோ லெயுவான் பெயரைப் போட்டு இன்றும் ஹெபெய் மாகாணத்தில் புதிதாகத் தீட்டித் தள்ளுகிறார்கள். நினைவுப் பொருளாக வாங்கலாம், அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது, என்ன காகிதம் வைப்பது

ஐரோப்பாவின் சிறு ஏல நிறுவனங்களில்தான் கப்பல் பீங்கானும் மெய்ஜி பொருட்களும் அதிகம் புழங்குகின்றன, குறிப்பாக நெதர்லாந்திலும் பிரிட்டனிலும். ஏல விலையோடு வாங்குபவர் கமிஷன், பேக்கிங், கூரியர், நம் நாட்டுச் சுங்கவரி எல்லாம் சேரும். பல நேரம் நூறு டாலர் கிண்ணம் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட ஒரே ஏலத்தில் இரண்டு மூன்று எடுத்து ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள். சேதத்தைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்: மயிரிழை விரிசல் உண்டா, விளிம்பு விண்டிருக்கிறதா, சரிசெய்யப்பட்டதா, அடிப்பாகத்தின் படம் கிடைக்குமா. பதில் எழுத்தில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

சீனாவிலிருந்து நேரடியாக வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1911க்கு முற்பட்ட கலைப்பொருட்களைப் பெரும்பாலும் அந்த நாடு வெளியே விடுவதில்லை. அப்படியிருக்க 'மிங் ஜாடி' சீனாவிலிருந்து கூரியரில் வருகிறது என்றால் ஒன்று அது போலி, அல்லது கடத்தல்.

இந்தியாவில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். 1972ன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. நாளைக்குப் பிள்ளைகளோடு வெளிநாடு குடிபோகிறீர்கள், கிண்ணங்களும் கூட வர வேண்டும் என்றால், இவை வெளியிலிருந்து வாங்கி வந்தவை என்று காட்ட ஆவணம் இல்லாமல் பேசவே முடியாது. ஏல ரசீது, லாட் பக்கத்தின் பிரதி, சுங்கவரி கட்டிய சீட்டு, பொருளின் எல்லாப் பக்கமும் தெரியும் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். விற்கும் நாளிலும் அந்தக் கோப்புதான் பாதி விலை.

சரி, ஐம்பதாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பேன்? பாதிக்கு மேற்பட்ட தொகையை, வரியும் கூரியரும் உட்பட, ஒட்டும் லாட் எண்ணும் உள்ள டெக் சிங் கிண்ணம் ஒன்றுக்கும், விளிம்பு லேசாக விண்டிருக்கும் நான்கிங் கார்கோ கோப்பை ஒன்றுக்கும் வைப்பேன். இரண்டும் 70 ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு மாகாணங்களில் சுட்டவை. அடி வளையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிறையக் கற்கலாம். ஒரு நாலாயிரம் ஐயாயிரத்தில் 10 மடங்கு பூதக்கண்ணாடி, புற ஊதா டார்ச், பழைய ஏல விவரப் புத்தகம் ஒன்று. மீதித் தொகையை அப்படியே வங்கியில் விட்டுவிட்டு, ஆறு மாதம் இமாரித் தட்டுகள் எந்த விலைக்குப் போகின்றன என்று ஏல முடிவுகளை மட்டும் குறித்துக்கொண்டு வருவேன்.

விலை மனப்பாடம் ஆன பிறகுதான் ஜப்பான்.